மேட்டில் நின்ற வேன்

நாற்பது வருஷம் கியர்பெட்டிக்குள் கைவிட்டுப் பிழைத்த மெக்கானிக் அவர். தெருவே 'கியர் டாக்டர்' என்றுதான் கூப்பிடும். ஆனால் கண்ணுகளா, கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியை அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சலவைக்கடை வைத்திருந்த தங்கை ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வேனைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீ சரின்னா வாங்கறேன்" என்றாள். அவர் கியர் எண்ணெய் அளக்கிற கம்பியை உருவி முகர்ந்தார். தீய்ந்த வாடை. உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று மனசு சுருக்கென்றது.

"டாக்டருக்குத் தெரியாததா!" என்று விற்கிறவன் ஐஸ் வைத்தான்.

"எண்ணெய் மாத்தினா பறக்கும், வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டார். அன்றே தன் கையால் புது எண்ணெயும் ஊற்றினார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி மேட்டில் என்ஜின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளுத்துக் கொடுக்கிற விரிப்பு மூட்டைகளைத் தங்கை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து மேலே சேர்த்தாள்.

சேதி கேட்டதும், ஆட்டோமேட்டிக் வேலை தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டார்.

"உள்ளே கிளட்ச் தட்டெல்லாம் தேஞ்சிருக்கும். பழைய எண்ணெயில கலந்த அந்தக் கசடுதான் தட்டைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை ஓடவிட்டிருக்கும். புது எண்ணெய் ஊத்தினா அதுவும் போச்சு. எந்தப் புண்ணியவான் மாத்தினது?"

"யாரோ" என்று போனை வைத்தார்.

அதற்குள் தங்கையே பட்டறைக்கு வந்துவிட்டாள். "திட்டாதேண்ணே. நீ நல்ல வண்டியாத்தான் பார்த்துக் குடுத்தே. எனக்குத்தான் ஓட்டத் தெரியல, கெடுத்துட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். காத்திருந்த வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையாட்டு போதும், பேர் பிழைக்கும். தலை பாதி ஆடியும் விட்டது.

"இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். ஆள் வச்சுக்கறேன்" என்றாள். நாற்பத்தைந்து வயதில், அத்தனை பேர் கேலிக்கும் நடுவில், பிடிவாதமாக ஓட்டக் கற்றவள்.

"நீ கெடுக்கலம்மா" என்றார். "எனக்கு இந்த கியர் தெரியாது. எண்ணெய் தீஞ்சிருந்துச்சு. தெரிஞ்சேதான் வாங்கச் சொன்னேன்."

தங்கை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன, உன்னைத் தின்னுடுவேனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல மறுபடி மூட்டை போகணும். ஆறு மணிக்கு வந்து நில்லு."

ஐந்தரைக்கே போய் நின்றார். தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றி, மேடு முழுக்க மூச்சிரைக்கத் தள்ளினார். தங்கை பின்னால் கைகொடுத்துத் தள்ளினாள்.