நீல வண்டியின் இடது கதவு

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் வீட்டில், சாப்பாட்டு அறைச் சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே தட்டு, கிண்ணம் எதுவும் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் பந்தயக் கார்கள்தான். ஒரு பகலும் ஓர் இரவும் நிற்காமல் ஓடும் நெடும்பந்தயங்களில் ஒருகாலத்தில் பறந்த வண்டிகளின் அச்சு அசலான சின்ன மாடல்கள். எல்லாமே ஒரே அணியின் நீல வண்டிகள்.

டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவருக்கு அதில் தீராத பொறாமை. "எவ்ளோ பெரிய வண்டிய தினமும் ஓட்டிட்டு வரேன். ஒருநாளாவது தொடச்சு விட்டிருக்கியா?" என்பார். விருந்தாளிகள் அலமாரி முன் நின்றால், "எல்லாம் என் மச்சானுங்க" என்று அறிமுகப்படுத்துவார்.

கேலிதான் என்றாலும் அதில் விஷயம் இருந்தது. அவளுடைய தம்பி அந்த அணியில் மெக்கானிக்காகச் சேர்ந்து, மீசை சரியாக முளைக்காத வயதில் கடல் கடந்து போனவன். ஊர் ஊராகச் சுற்றும் வேலை. ஆரம்பத்தில் நீல வண்டி படம் போட்ட அட்டைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஊரின் முத்திரை. பிறகு அணியைக் கலைத்துவிட்டார்கள். அதே சமயத்தில் இவர்கள் வீட்டை இடித்து அந்த இடத்தில் சாலை போட்டார்கள். குடும்பம் வேறு பேட்டைக்கு மாறியது. அவன் எங்கே என்று இவளுக்குத் தெரியாது. இவள் எங்கே என்று அவனுக்கும் தெரியாது.

"ஏதோ சண்டை போல" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சண்டையே இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது ஆறியிருப்பாள்.

வருஷங்கள் பல கழித்து ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், பொம்மைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த நீல வண்டி உள்ளங்கை அளவில் நின்றது. குனிந்து பார்த்தவள் அப்படியே கடைக்குள் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் கண்ணாடிக் கடை உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, சக்கரத்தின் ஒவ்வொரு ஆணியையும் பார்த்தாள். இதையெல்லாம் அவன் கை தொட்டிருக்கும். அன்று தொடங்கியதுதான் இந்த அலமாரி.

மாடல் சேகரிப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பள்ளிக்கூட அரங்கு ஒன்றில் கூடினார்கள். கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மேஜையில், பருமனான ஒருவர் தன் கையாலேயே செய்த வண்டிகளை வைத்திருந்தார். பந்தயம் முடிந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே: சேறு, கரி, கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகள்கூட. நடுவில் ஒரு நீல வண்டி. அதன் இடது கதவை, நூல் மாதிரி ஏதோ ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது.

"இது என்னங்க, கதவுல?"

"பெல்ட்டுங்க. விடிகாலையில கதவோட தாழ்ப்பாள் உடைஞ்சுபோச்சாம். மாத்த நேரமில்ல. ஒரு மெக்கானிக் தன் இடுப்பு பெல்ட்ட உருவி, கதவ இழுத்துக் கட்டி அனுப்பிட்டாராம். அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் பேண்ட்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டே டயர் மாட்டியிருக்காரு."

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"அவரே சொன்னதுதான். பெயிண்ட்ல சந்தேகம் வந்தா அவருக்குத்தான் போன் போடுவேன்." மாடல்காரர் அந்த மெக்கானிக்கின் பெயரைச் சொன்னார்.

தம்பியின் பெயர்.

கணவர்தான் பேசினார். "சார், அவர்கிட்ட இப்பவே பேச முடியுமா? இவங்களுக்கு அந்த வண்டியப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

மாடல்காரர் யோசிக்காமல் போனைப் போட்டார். "அண்ணே, உங்க வண்டிக்கு ஒரு ரசிகை வந்திருக்காங்க, பேசுங்க" என்று சொல்லி அவளிடம் நீட்டினார்.

நான் அக்கா பேசுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அந்த பெல்ட்... என்ன கலர்?"

"பழுப்புங்க," என்றது கரகரத்த ஒரு கிழட்டுக் குரல். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள். இவன் இல்லை. ஆனால் அந்தக் குரல் பேசிக்கொண்டே போனது. பக்கிள் பித்தளையாம், கதவில் கீறல் விழாமலிருக்க அடியில் துணி வைத்தானாம், ஓட்டுநர் திட்டினாராம். உற்சாகம் ஏற ஏற மூச்சு வாங்காமல் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்படிப் பேச அவன் ஒருவனால்தான் முடியும்.

"ஹலோ? கேக்குறீங்களா?"

"கேக்குறேன்டா, சொல்லு."

"யாரு... யாரு பேசுறது?"

"நான்தான்டா."

"அக்கா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கணவர் அவள் காதருகே, "ஆமான்னு சொல்லு, அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"ஆமாடா."

"நான் வந்தேன்க்கா," என்றான் தம்பி. "வீட்டுக்கு வந்தேன். அங்க ரோடுதான் இருந்துச்சு. நம்ம அடுப்படி இருந்த எடத்துல பஸ் போகுது. யாரக் கேக்குறதுன்னே தெரியல."

பிறகு, "அம்மா?" என்றான்.

"இல்லடா."

மாடல்காரர் எதையோ புரிந்துகொண்டு ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்.

கோடையில் கணவர் விடுப்பு எடுத்தார். இருவரும் தூரத்து ஊரில் இருந்த தம்பியைப் பார்க்கப் போனார்கள். கதவைத் திறந்த நரைத்த மனிதருக்குப் பின்னால், தன்னையறியாமல் அவள் ஒரு பையனைத் தேடினாள். அவனும் அவளை அப்படித்தான் பார்த்தான். அவனுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, ஓர் ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாட்டம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எந்த ஊர்லயும் நிலையா நின்னாத்தானே?" என்றான். விடைபெறும்போது அவன் ஜன்னலுக்கு வரவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கிளம்ப முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் போன் போடுகிறார்கள். சொல்வதற்கு இருந்த கதையெல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோனது. ஆனாலும் யாரும் வைப்பதில்லை. போனை மேஜைமேல் சாய்த்துவிட்டு அவரவர் சமையலைப் பார்க்கிறார்கள். அங்கே குழாய் திறக்கும் சத்தம், கட்டையைத் தரையில் ஊன்றும் சத்தம், கரண்டி விழும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காவிட்டால் அவள் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா. உப்பு தேடுறேன்."