மலிவான குழல்

பிறின்சி தொழுவத்துக்குப் போனபோது வேலியோரம் ஒரு குட்டியின் பின்னங்கால் மட்டும் கிடந்தது. தாய் ஆடு அதை முகர்ந்துகொண்டு நின்றது. அவளுடைய கணவன் சுகிர்தன் துவக்கும் கையுமாகச் சற்றுத் தள்ளி நின்றான். இந்த முறையும் நரிக்கு வைத்த சூடு தவறிவிட்டது என்று அவன் வாய் திறந்து சொல்லத் தேவையிருக்கவில்லை.

புலம்பெயர்ந்து வந்து நகர்ப்புறத்தில் வாங்கிய டார்னெய்ட் வீட்டை விற்றுவிட்டு, வெரிபீ என்ற ஊருக்கு அப்பால் காணி குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்க்க வந்தவர்கள் அவர்கள். இந்தக் குளிர்காலத்துக் குட்டிகள் தங்காவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனுடைய தமையன் வீட்டுக் கராஜில் போய்ப் படுக்க வேண்டியதுதான். நரியோ ஒவ்வொரு நாளும் விடிகிற நேரம் பார்த்து வந்தது.

துவக்கு பழைய வேட்டைத் துவக்கு. லைசென்ஸ் எடுத்து, பக்கத்துக் காணிக்காரரிடம் வாங்கியது. மன்னாரில் சுகிர்தனின் வீட்டார் வள்ளத்து இயந்திரத்தை உப்புக்காற்றிலிருந்து எப்படிக் காத்தார்களோ, அப்படி அதைப் பார்த்துக்கொண்டான். உள்ளும் புறமும் எண்ணெய் பூசிய பிறகே கொட்டிலில் இருந்த இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவான். அப்படியிருந்தும் குறி தவறியது. குழல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினான்.

துவக்குக்கடையில் ஹீட்டர் போட்டிருந்தார்கள். கடைக்காரர் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, தேய்வு இருக்கிறது, ஆனால் இந்தளவுக்குத் தவறாதே என்றார். சுகிர்தன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலிவாக என்ன இருக்கிறது என்று கேட்டான். கடைக்காரர் மூன்று வழி சொன்னார்: குழலைப் புதிதாகக் கடைந்து பூட்டினால் நல்லது, ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறக்குமதியான மலிவுக் குழல் தடிப்பு. அது உட்காரத் துவக்கின் மரக்கட்டையைச் செதுக்க வேண்டும், கூலி குழலின் விலையைத் தாண்டிவிடும். இன்னொன்று, யாரோ ஒருவரின் துவக்கிலிருந்து கழற்றிய அதே ரகப் பழைய குழல்.

"உந்தக் கழட்டினதையே போடுவம்," என்றான் பிறின்சியிடம். "நரி எங்களுக்காக மாதக்கணக்கில காத்திருக்குமே?"

எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். எண்ணெய் என்றான் சுகிர்தன். என்ன எண்ணெய் என்பது பிறின்சியின் நுனிநாக்குவரை வந்தது. அந்தக் கடையில் நின்று அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. விழுங்கிவிட்டாள்.

மாற்றிய குழலோடு துவக்கு வந்த அன்று மத்தியானம் தகரம் ஒன்றை நிறுத்திச் சுட்டுப் பார்த்தார்கள். குண்டுகள் நடுவில் விழுந்தன. சுகிர்தன் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தான். பிறகு வழக்கம்போல் எண்ணெய் பூசிப் பூட்டினான்.

மறுநாள் விடிய, முதற் சூடு எங்கோ போனது. இரண்டாவதற்கு நரி நிற்கவில்லை. இரவு பிறந்த குட்டியும் அதோடு போயிற்று.

சுகிர்தன் குசினிக் கதிரையில் வந்து விழுந்தான். "காணும், பிறின்சி. அண்ணைக்குச் சொல்லும், வாறம் எண்டு."

அவள் தலைக்கு வைக்க எடுத்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றாள். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே வெள்ளையாக, மெழுகு போல் இறுகியிருந்தது. கொட்டில் இதைவிடக் குளிர். குழலுக்குள்ளும் இப்படி இறுகியிருந்தால் முதற் குண்டு நேரே போகாது. இரசாயனம் படித்தவள், எத்தனை பாகையில் இது உறையும் என்று பரீட்சையில் எழுதியவள்.

"துவக்குக்குப் பூசுறது இதைத்தானே?"

"ஓம். வேற என்னத்தைப் பூசுறது?"

போத்தலை அவன் முன்னால் கவிழ்த்து வைத்தாள். அவன் அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான்.

"மன்னாரில இது ஒருநாளும் கட்டிபடேல்லயே," என்றான், முறைப்பாடு சொல்வது போல.

அன்று பகல் முழுக்க அவர்கள் குழலைத் துடைத்தார்கள். துணி பிசுக்கில்லாமல் வெளியே வரும்வரை துடைத்தார்கள். தங்கள் முதற் குழலை மாற்றியிருக்கவே தேவையில்லை. இனி ஈன இருந்தது ஒரே ஒரு ஆடு.

அது விடியப்புறத்தில் ஈன்றது. பிறின்சி ஈரக் குட்டியை ஜாக்கெட்டுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு தொழுவத்தில் குந்தியிருந்தாள். வெளியே ஒரு சூடு கேட்டது. இரண்டாவது சூடு வருகிறதா என்று காது கொடுத்தாள். அது கேட்கவில்லை. கால்கள் புல்லை மிதித்துக்கொண்டு வந்தன.

"விழுந்திட்டுது," என்றான் சுகிர்தன். துவக்கைத் திறந்து வெறுமையாக்கிவிட்டு, குட்டியைப் பார்க்கக் குனிந்தான்.