கோளாம்பி கழுவியவர்கள்

செத்துப்போன தங்கையின் உடம்பில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் அழகியநாயகி. பதினாறு வயதுச் சண்முகவடிவின் விலா எலும்பு ஒவ்வொன்றாய்க் கையில் தட்டியது. முற்றத்தில் அப்பாவின் குரல் கேட்டது.

“நல்ல செவப்புப் பட்டா எடுத்துட்டு வரணும், கேட்டியா. கலியாணங் காணாமப் போன பிள்ள. நாளைக்கு நம்ம வீட்டுக் கன்னித்தெய்வமா நிக்கப் போறவ.”

பட்டெடுக்க வண்டி கொட்டாரம் கடைத்தெருவுக்குக் கிளம்பியது. அவள் உயிரோடு இருந்தபோது அதே வண்டியை ஆசுபத்திரிக்குப் பூட்ட அப்பா வள்ளிநாயகத்துக்கு மனசு வரவில்லை. பெண்ணுக்குக் காசம் என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? அஞ்சுகிராமத்தில் வாழ்க்கைப்பட்ட அழகியநாயகி வரும்போதெல்லாம் கெஞ்சினாள். தாயில்லாப் பிள்ளையைப் பின்கட்டு அறையில் போட்டுக் கஷாயம் ஊற்றியே கொன்றார்கள்.

இந்த வீட்டில் முதலில் இருமியவன் தம்பி தாணப்பன். ஆண்பிள்ளைக்கு வந்தால் மட்டும் அது நோய். உடனே ஆசுபத்திரி, புதிதாக வந்த ஊசி, பால், நெய். இப்போது மினுமினுவென்று முற்றத்தில் நிற்கிறான். அவன் துப்பிய கோளாம்பியைச் சாம்பல் போட்டுக் கழுவியவள் வயல்வேலைக்கு வரும் இசக்கியின் மகள். அவளும் இருமத் தொடங்கியதும் விரட்டிவிட்டார்கள். இருக்கிறாளா செத்தாளா என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் கழுவியவள் சண்முகவடிவு. சண்முகவடிவின் கோளாம்பியைக் கழுவியவள் கடைக்குட்டி பகவதி. அவளுக்குப் பதினான்கு வயது.

காலையில் பகவதி தாவணியில் வாயைப் பொத்தி இருமியதையும் அதில் ஒட்டிய சிவப்பையும் அழகியநாயகி பார்த்துவிட்டாள். ஈரக்கையோடு அப்பாவிடம் போனாள்.

“அப்பா, பகவதிய இன்னைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போணும். ரெத்தம் வருகு.”

“வாயப் பொத்துட்டி” என்று பல்லைக் கடித்தார். “பூதப்பாண்டி மாப்பிள்ள வீட்டுக்காரங்க சாவுக்குத் துட்டி கேக்க வந்திருக்காங்க. போனவளுக்குப் பேசுன மாப்பிள்ள சும்மாத்தான இருக்கான்? சின்னவளுக்குத் தலயச் சீவி, அவன் அம்மை பக்கத்துல கொண்டு இருத்து.”

பிணம் இன்னும் வாசல் தாண்டவில்லை. தூ, இதுவும் ஒரு தகப்பனா!

உள்ளே வந்தாள். தலை சீவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஏற்கெனவே பகவதியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அக்காவ உரிச்சு வச்ச மொகம்” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

அழகியநாயகி நடுவீட்டில் நின்றாள். ஒப்பாரிக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்.

“அக்காவக் கொன்ன காசம் இவளுக்கும் வந்திருக்கு. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ரெத்தமாத் துப்புகா.”

ஒப்பாரி அறுந்தது. வள்ளிநாயகம் வாசற்படி ஏறி வந்தார்.

“இனி மறைக்க ஒண்ணும் இல்லப்பா. வண்டி வந்ததும் மாட்ட அவுக்காண்டாம். நான் பிள்ளயக் கூட்டிட்டுப் போறேன்.”

மாப்பிள்ளையின் தாய் பகவதியின் கையை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். தன் கையை முந்தானையில் துடைத்தாள். போதவில்லை போலிருக்கிறது. முந்தானையின் வேறொரு பக்கத்தை எடுத்து, விரல் விரலாக மறுபடியும் துடைத்தாள்.