ஏழாவது குறை

அன்று காலை மெத்தைக் கம்பெனியின் வரவேற்பறையில் இருந்தவர்கள்: முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பி, அதாவது மேனேஜர் நாற்காலியைத் தேய்க்கும் மச்சான், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும், சரக்கின் தரம் பார்க்கிறவள், ஓவியன், அவன் வரைந்த ஆறடிப் படம். வாயைத் திறக்காமல் இருந்தது படம் ஒன்றுதான்.

ஓவியனுக்கு நாற்பத்து மூன்று வயது. அவன் படம் ஒன்றுகூட இதுவரை அடுத்தவன் சுவர் ஏறியதில்லை. எல்லாம் அவன் வீட்டுக் கட்டிலுக்கடியில் தூசி தின்றுகொண்டு கிடந்தன. "நவீனமா ஏதாவது போடு, உன் மனசுக்கு வந்தபடி போடு" என்று முதலாளி சொன்னபோது அவன் ஒரே ஒரு வரம்தான் கேட்டான்: ஒரு புள்ளியைக்கூட மாற்றச் சொல்லக் கூடாது. மூன்று மாதம் வரைந்தான். மறுநாள் ஊர் ஊராக ஏஜென்டுகள் வருகிறார்கள். ஆணி அடித்தாயிற்று. மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அக்கா மஞ்சள் அட்டையை எடுத்தாள்.

"என்னக்கா இது?" என்றான் ஓவியன்.

"குறை அட்டை. மெத்தையோ மேசையோ, அட்டை போடாம ஒண்ணும் இந்தக் கம்பெனியில நிக்காது. நான் குறையைச் சொல்றேன், நீங்க காரணத்தைச் சொல்லுங்க. காரணம் சரியா இருந்தா பச்சை முத்திரை."

இருபத்திரண்டு வருஷமாகத் தையல் பார்த்த கண். மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனாள்.

"ஒண்ணு. கட்டில் கால் நாலும் மனுஷக் கால். அதுல ஒண்ணுக்கு மட்டும் ஷூ."

ஓவியனுக்குக் காரணம் தெரியாது. கை போன போக்கில் போட்டது. ஆனால் ஆணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மனுஷன் உழைப்புலதான் மெத்தை நிக்குதுன்னு காட்டுறேன். மூணு பேர் உழைக்கிறாங்க. ஷூ போட்டது மேனேஜர்."

முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "மாப்ள, உன்னை அளந்து வெச்சிருக்கான்டா!" பச்சை முத்திரை விழுந்தது.

"ரெண்டு. மாடு கூரையில நடக்குது."

"உங்க பஞ்சு அவ்வளவு லேசு."

"மூணு. மழை கீழேருந்து மேல பெய்யுது."

"ஈரம் தங்காது."

தலையணையிலிருந்து துள்ளும் மீன்களுக்கு, துவைக்கலாம் என்பது காரணமானது. காதுக்குள் போய் முடியும் படிக்கட்டுக்கு, சத்தம் போடாத ஸ்பிரிங். தம்ளருக்குள் கிடக்கும் நிலாவுக்கு ஓவியன் யோசிப்பதற்குள் மச்சானே முந்திக்கொண்டான்: "அது படுக்கப் போறப்ப குடிக்கிற பாலு, அத்தான்." முதலாளி, "எனக்கும் அதான் தோணுச்சு" என்றார். பொய் இவ்வளவு சுளுவாக விலைபோகும் என்று ஓவியனுக்குத் தெரிந்திருந்தால் எப்போதோ பெரிய ஆளாகியிருப்பான்.

"ஏழு" என்று அக்கா நிமிர்ந்தாள். "படுத்திருக்கிறவருக்குக் கண்ணு திறந்திருக்கு. அதுவும் நம்ம மெத்தை மேல. ஜாடை வேற முதலாளி ஜாடை."

இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் அவன் யோசித்து வரைந்தது அந்தக் கண் இரண்டும்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி முளைத்தது.

"அது வேணும்னே போட்டது" என்றான். "முதல் நாள் நீங்கதானே சொன்னீங்க, நாலு வருஷமாத் தூக்கமே இல்லைன்னு."

"நானா? யார்கிட்ட?"

"அவர்கிட்ட சொன்னீங்களோ இல்லையோ, எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. "ராத்திரியெல்லாம் ஹால்ல நடை. அந்தச் சத்தத்துல என் தூக்கமும் போச்சு."

"சும்மா இருடி!" முதலாளி குரலை இறக்கினார். "தம்பி, மெத்தைக்காரனே தூங்கலன்னா எவன் மெத்தை வாங்குவான்? கண்ணை மூடிடு. ரெண்டே கோடு."

"மூடினா அது பொணங்க."

"மூடலன்னா ஆணியில ஏறாது."

ஓவியன் ஆணியைப் பார்த்தான். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவனுக்கென்று அடித்த ஒரே ஆணி. "அப்ப வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

"எப்படிப் போவ? அக்கா, சிவப்பு முத்திரை போடுங்க. திருத்த அறைக்கு அனுப்புங்க."

அங்கே அது சட்டம். குறை என்று கழித்த சரக்குக்கு யார் காரணமோ அவர் திருத்த அறைக்குள் போக வேண்டும். குறை தீரும்வரை வெளியே பூட்டு. 'இதில் சின்னவர் பெரியவர் இல்லை' என்று முதலாளியே சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மச்சான் ஓவியனின் கையைப் பிடித்தான்.

"இருங்க" என்றாள் அக்கா. "யார் காரணம்னு எழுதணுமே."

படத்தைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். ஒரே கண், ஒரே கருவளையம். இழை பிசகவில்லை.

"தைச்ச கை சுத்தம். சட்டியில இருக்கிறதுதானே அகப்பையில வரும்? மூலப்பொருள்ல குறைன்னு எழுதிட்டேன்."

"எது மூலப்பொருள்?"

"நீங்கதாங்க."

மச்சானுக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு இருமலாகிப் போனது. "யார்கிட்ட பேசுறீங்க? நான் முதலாளி!" என்று முதலாளி கத்தியதில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தையல்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் அந்த அறைக்குள் போய்வராதவர் யாருமில்லை.

மனைவி சுவரிலிருந்ததை நிதானமாக, எழுத்துக்கூட்டி வாசித்தாள். "போன மாசம் என் தம்பியையே அரை நாள் உள்ள வெச்சீங்களே. உங்களுக்குன்னா மட்டும் தனிச் சட்டமா?"

மச்சானின் பிடி ஓவியனை விட்டு அத்தானின் முழங்கைக்கு மாறியது. முதலாளி வெளியே நின்ற முகங்களைப் பார்த்தார். இன்று பின்வாங்கினால் நாளை எவனும் அந்தச் சட்டத்தை மதிக்க மாட்டான். நடந்தார்.

"ஐயா, நீங்க கண்ணை மூடினா சொல்லி அனுப்புங்க" என்றான் ஓவியன். "வந்து பார்த்து அப்படியே மூடிடுறேன்."

"அதுவரைக்கும் படத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்று அக்கா ஆணியைக் காட்டினாள். ஓவியனும் அவளுமாகப் படத்தைத் தூக்கி மாட்டினார்கள்.

திருத்த அறையில் கம்பெனியின் முதல் தர மெத்தை ஒன்றைப் போட்டார்கள். மனைவி தலையணையைத் தட்டி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அத்தான், லைட்டை அணைக்கவா?"

"போடா வெளிய!"

மச்சான் கதவைச் சாத்தினான். மனைவி சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினாள்.