உத்தரத்துக்கு அடியில் ஒரு மேசை

சீனாவின் ஹூனான் மாகாணத்தில், ஒரு மாவட்டக் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில், உறுப்பினர்களுக்குக் கடவுள் இல்லை என்று வகுப்பெடுப்பவர் குவான் ஹைபோ. திருட்டுத்தனமாக ஃபெங் சுயி என்னும் சீன வாஸ்து பார்ப்பவர்களைப் பிடிப்பதற்காகவே அந்தச் சாத்திரத்தை அவர் கரைத்துக் குடித்திருந்தார். அதனால் எழுத்தர் தெங் ரூயி தன் மேசையை உத்தரத்துக்கு அடியிலிருந்து நகர்த்தியிருந்ததைக் கண்டதும் அவருக்குப் பொறி தட்டியது. தலைக்கு மேல் உத்தரம் ஆகாது என்பதுதானே அந்த மூடர்களின் நம்பிக்கை!

“எந்தச் சோசியன் சொன்னான்?”

“சோசியனும் இல்ல, ஒருத்தனும் இல்ல தலைவரே. மேல காரை பேந்து விழுது. நீங்களே பாருங்க.”

“பாக்கணுமாம்! இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்மா.”

அண்ணாந்து பார்த்தால் தானும் உத்தரத்தை மதித்ததாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. மேசையைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு, அதன் முன்னால் வீம்பாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

சற்று நேரத்தில் பொத்தென்று ஒரு துண்டுக் காரை கோப்பைக்குள் விழுந்தது. சட்டையெல்லாம் தேநீர். அப்போதும் அவர் நிமிரவில்லை. ரூயியின் கைகளையே முறைத்தார்.

“யாரு போட்டது இதை?”

“எனக்கும் சாமி கிடையாது தலைவரே,” என்றாள் ரூயி. “ஆனா அண்ணாந்து பாக்கக் கழுத்து இருக்கு.”