பேர்போன சுபிரா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பெயர்ப்பட்டியலைப் புரட்டியபோது பிறந்தது. 'சுபிரா: சுவாகிலிப் பெண் பெயர். பொருள், பொறுமை. இப்பெயரால் அறியப்பட்டோர்:' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பெயரோடு எத்தனை பெண்கள் உழைத்து ஓய்ந்திருப்பார்கள்! சரி, நானே ஒருத்தியைக் கொண்டுவருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

2

1986 மார்கழி. இன்டர்லாக்கனில் பனி மெல்ல...

(வேண்டாம். சுவிஸ் என்றாலே பனி கொட்டவேண்டுமென்று யார் சட்டம் போட்டது?)

1986 ஆவணி. ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் ஒரே வெக்கை. அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஜெயந்திக்கு ஏழாம் மாதம். ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கமுடியாமல் அவள் திணறுவதைப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற தன்சானியப் பெண் கண்டாள். பெயர் சுபிரா.

"நீ மடிச்சு வை. நான் தூக்குறன்" என்றாள், உடைந்த ஜெர்மனில். (அதை யாழ்ப்பாணத் தமிழாக்கியது நான்தான். ஜெயந்தியின் காதில் அப்படித்தான் விழுந்தது.)

பிள்ளை பிறக்கும்வரை பதினொரு கிழமை இரண்டு பேரின் பாரத்தையும் அவளே தூக்கினாள். மேற்பார்வைக்காரி அறியவேயில்லை. ஜெயந்தியின் வேலை தப்பியது. பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். சுபிராவுக்கு ஆளக் கிடைத்தது இஸ்திரி மேசை ஒன்றுதான்.

(பிரசவத்தையே சுபிரா பார்த்தாள் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். ஈர விரிப்பைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், இதுவே போதும்.)

3

பெண் குழந்தை. கணவன் குலேந்திரன் பஞ்சாங்கத்தைப் புரட்டினான். சதயம், நாலாம் பாதம்; முதலெழுத்து 'சு' வரவேண்டும். சுமதி, சுகந்தி என்று அடுக்கினான்.

"சுபிரா" என்றாள் ஜெயந்தி. "பொறுமை எண்டு அர்த்தமாம்."

"அப்ப சரி. தாயிட்ட இல்லாதது பிள்ளையிட்டயாவது இருக்கட்டும்."

(அவனை முரடனாக்கத்தான் நினைத்திருந்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை.)

முரண்டு பிடித்தவர் பிறப்புப் பதிவு அலுவலர். கேள்விப்படாத பெயர், ஆணா பெண்ணா? இந்தப் பெயரில் பேர்போன பெண்கள் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் காட்டவேண்டும். இல்லாவிட்டால் வேறு பெயர்.

"சுமதி எண்டே எழுதுவமே?" என்றான் குலேந்திரன்.

"சுமதியோ எனக்கு விரிப்புத் தூக்கித் தந்தவ?"

குலேந்திரன் பஞ்சாங்கத்தை மூடிவைத்தான்.

4

பேர்போன சுபிராக்கள்: தீவொன்றை ஆண்ட அரசி, ஒரு பாடகி, ஓட்டப்பந்தயத்தில்...

(மூவரும் என் சரக்கு. ஜெயந்தி பொய்ச்சாட்சி கொண்டுபோகிறவள் அல்ல. போகட்டும்.)

5

வெள்ளிக்கிழமை. ஜெயந்தி பட்டுச்சேலையில், பிள்ளையோடும் குலேந்திரனோடும் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கூடவே பெரிய பூப்போட்ட துணியைத் தோளில் போர்த்தியபடி சுபிரா. வேலைக்கு லீவு கேட்டு வந்தவள், தன் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தாள்.

அலுவலர் புரட்டினார். "பெண்தான். சரி. ஆனால் இவர் பிரபலமானவரா?"

குலேந்திரன் தலை குனிந்துகொண்டான். ஜெயந்தி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். சலவை அறையில் பொறுக்கிய ஜெர்மனில் நிமிர்ந்து சொன்னாள்: "எங்கட வீட்டில, ஓம்."

சுபிரா தோள்துணியை இழுத்துச் சரிசெய்தாள். அழவில்லை. இன்னும் நேராக நின்றாள்.

6

முடிவு ஒன்று: அலுவலர் சிரித்து முத்திரை குத்துகிறார். (அவ்வளவு லேசாகவா?)

முடிவு இரண்டு: கடதாசியில் சுமதி, வீட்டில் சுபி... (எழுதக் கை வரவில்லை.)

ஆகவே அலுவலரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். கதிரை காலியாக இருக்கிறது, நீங்கள் வந்து உட்காருங்கள். முன்னால் படிவம், பக்கத்தில் முத்திரை. எதிரே இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். பிள்ளை சிணுங்கத் தொடங்கிவிட்டது.

"எழுதுங்கோ" என்கிறாள் ஜெயந்தி, உங்களைப் பார்த்து. "எழுத்தெழுத்தா நான் சொல்லுறன்."