பினாயில் ஊற்றிய டப்பா

டாக்டர் ஜேசுதாஸ் கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றுமே முளைக்கவில்லை. 1934இல் நாகர்கோவிலில் இருந்த சின்னச் சோதனைச் சாலை அது.

எதிரே நின்ற மைதீன் கனியின் முகம் மலர்ந்தது. கோட்டாற்றில் கல்யாண விருந்து சமைக்கும் பண்டாரி அவர்.

“அப்போ எனக்குத் தீனம், சீக்கு ஒண்ணும் இல்லல்லா, டாக்டரே?”

“என்னவே இல்ல? மனுசன் மலத்தைத் தேய்ச்சா இதுல செவப்புப் புள்ளி முளைச்சே தீரும். எல்லாருக்க குடல்லயும் உள்ள சாதாரணக் கிருமி அது. ஒண்ணுகூட வரல. டப்பாவுல என்னத்த ஊத்தினீரு?”

“கொஞ்சம் பினாயில். பெரிய மனுசன் நீங்க தொறந்து பாக்குத சாதனம். நாறாண்டாமேண்ணு…”

ஜேசுதாஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முந்தின வாரம் ஒரு புண்ணியவான் அத்தர் தெளித்து அனுப்பியிருந்தார்.

தட்டில் இருந்தது பித்த உப்பும் பால் சர்க்கரையும் ஒரு சாயமும் சேர்த்து உறையவைத்த கடற்பாசிக் கூழ். வேண்டாத கிருமிகள் பலவற்றைப் பித்த உப்பு வளரவிடாது. குடல் கிருமிகள் வளரும். சாதாரணக் கிருமி பால் சர்க்கரையைத் தின்று சிவக்கும். டைபாய்டுக் கிருமிக்கு அதைத் தின்னத் தெரியாது. நிறமில்லாமல் தனித்து நிற்கும். அதை எடுத்து மேலும் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். பினாயிலோ இரண்டையும் சேர்த்துக் கொன்றிருந்தது.

முந்தைய வருஷம் மைதீன் கனிக்கு டைபாய்டு வந்து குணமாகியிருந்தது. இப்போது அவர் சமைத்த விருந்துகளில் சாப்பிட்டவர்கள் டைபாய்டில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

“வெந்த சோத்துல கிருமி செத்துப்போவும், அதைச் சொல்லல வே,” என்றார் டாக்டர். “வெறுங்கையால தயிர்ல வெங்காயம் பெசையுதீருல்லா, அதைத்தான் சொல்லுதேன். காய்ச்சல் மாறினாலும் சிலருக்கு வயித்துல கிருமி தங்கிப்போவும். நாளைக்கு ஒண்ணும் ஊத்தாமக் கொண்டாரும்.”

தலையாட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. பண்டாரிக்குக் கிருமி என்று ஊர் பேசினால் பிறகு யார் சமைக்கக் கூப்பிடுவார்கள்? டாக்டர் ஆள் அனுப்பியபோதெல்லாம் “வெளியூர் போயிருக்காவ” என்று பதில் வந்தது. வெளியூர் போன மனிதர் அடுத்த தெருக் கல்யாணத்தில் முழங்கை வரை தயிரோடு நின்றார்.

பிறகு அவர் மகள் ஷாஜிதாவே படுத்தாள். காய்ச்சல் இறங்குவதாயில்லை. ஜேசுதாஸ் வந்து ரத்தம் எடுத்துப் பித்தநீரில் வளர்த்து, அதே கூழில் தேய்த்தார். நிறமற்ற புள்ளிகள் வரிசையாக முளைத்தன. மேற்சோதனையும் டைபாய்டு என்றே சொன்னது.

சேதி சொல்ல வந்த டாக்டர் முன்னிலையிலேயே ஷாஜிதாவின் தாய் ஜைனம்பு கணவரிடம் திரும்பினாள்.

“கல்யாணத்துல மிஞ்சின தயிர் வெங்காயத்தை நீங்கதான கொண்டாந்து ஊட்டினிய? டாக்டரு கேட்ட டப்பாவைக் குடுக்க ஒங்களுக்கு நாணம். பெத்த பிள்ளைக்குத் தீனத்தைக் குடுக்க நாணம் இல்ல.”

மறுநாள் காலையில் மைதீன் கனியின் டப்பா வந்தது, பினாயில் இல்லாமல். தட்டில் சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே நிறமற்றவையும் முளைத்தன. டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான் என்று மேற்சோதனையும் சொன்னது.

ஷாஜிதாவின் காய்ச்சல் மெல்லத் தணியத் தொடங்கியபோது, துணி வியாபாரி சுலைமான் தன் மகன் கல்யாணத்துக்குச் சமைக்க அழைக்க வந்தார்.

“வேற பண்டாரியப் பாருங்க. எனக்க குடல்ல டைபாய்டுக் கிருமி உண்டும்.”

“மெதுவாச் சொல்லும் வே. ஆளுவ கேட்டா நாணக்கேடுல்லா.”

“கேக்கட்டும்,” என்றார் மைதீன் கனி. “வயித்துல கிருமி இருக்கது நாணக்கேடு இல்ல. சோதிக்க விடாம அதை மறைச்சு வச்சு, பந்தியில ஊருக்கெல்லாம் வெளம்பினேன் பாருங்க, அதுதான் நாணக்கேடு.”